லுவார் கரையில் இருநூற்றைந்து கிலோமீற்றர்

ஸ்ரீஸ்கந்தராஜா சைக்கிள் ஓடப் போகிறார் என்ற செய்தி லண்டனின் வடக்கே ஹரோவிலிருந்து தெற்கே மிச்சம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, றோஸ்மலர் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தாள். அதற்குள்ளிருந்து அக்கா யோகமலரின் குரல் வந்தது.

"பிரான்ஸிலயாம். லுவார் எண்டு ஒரு ஆறாம். அதின்ர கரையால நாலு நாள் ஓடுறதாம். வழி நெடுகப் பழைய ஊருகளாம், ராசாக்களின்ர கோட்டையளாம்."

"ஆர், அத்தானோ?"

"ஓம்."

"பின்வளவுப் புல்லு வெட்டவே ஆள் பிடிக்கிற மனுசன்."

"உனக்கு எல்லாம் நக்கல்தான்," என்றாள் அக்கா. ஆனால் மறுக்கவில்லை.

றோஸ்மலருக்கு ஐம்பத்துநாலு வயது. தென் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு இரத்தம் எடுக்கிற வேலை. விடிய ஆறு மணி ஷிப்டுக்கு ட்ராமும் பஸ்ஸும் ஒத்துவராததால், பதினொரு வருசமாக ஒரு கறுத்த பழைய சைக்கிளில் கூடை கட்டி ஓடிப் போய் வருகிறாள். மழை, பனி, காற்று ஒன்றும் கணக்கில்லை. அந்தப் பதினொரு வருசத்தில் அத்தான் அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரேயொரு தரம்தான் வாய் திறந்திருக்கிறார். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் அதிலேயே ஹரோ வீட்டு வாசலில் போய் இறங்கியபோது, "றோஸ், அதைப் பின்பக்கம் கொண்டுபோய் விடும். ஆக்கள் வருவினம்" என்றார்.

அதே மனுசன் இப்போது சைக்கிள் என்றால் என்னவென்று ஹரோ முழுவதற்கும் வகுப்பெடுக்கத் தொடங்கியிருந்தார். சுண்டுவிரலால் தூக்கலாம் என்று சொல்லி ஒரு சைக்கிள் வாங்கினார். தோலோடு ஒட்டுகிற காற்சட்டை இரண்டு, மஞ்சள் கண்ணாடி, நாடித்துடிப்பு முதல் போகிற பாதை வரைக்கும் எழுதிவைக்கிற கைமணிக்கூடு. 'லுவார் சிங்கங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு திறந்து அறுபது பேரைச் சேர்த்தார். ஓடப் போகிறவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் ஓடுகிறவர்களை மெச்சுவதற்கு.

ஐந்து சிங்கத்தில் ஒன்றுக்கு முழங்கால் நோ. ஒன்றுக்கு மகளின் பள்ளிக்கூடச் சோதனை. ஒன்று காரணமே சொல்லாமல் நழுவியது. நரசிம்மன் என்ற தமிழ்நாட்டுக்காரர், ஹரோவிலேயே இருக்கிற இதய வைத்தியர், உண்மையாகவே வரத்தான் இருந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு சிங்கம்தான் மிஞ்சியது. ஓய்வுபெற்று எட்டு மாதம் வீட்டில் குந்தியிருந்த சிங்கம். பின்வாங்க ஏலாது, அறுபது பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

"அதால குடும்பமாப் போறதாம்," என்றாள் அக்கா. "எனக்குப் பற்றறி சைக்கிள் எடுத்துத் தாறாராம். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடின பிறகு தொட்டதில்லை. நீயும் வா, றோஸ். தனிய இவரோட என்னால ஏலாது."

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் றோஸ்மலர் லீவு எழுதிக் கொடுத்தாள். கொஞ்சம் வேடிக்கை பார்க்கிற ஆசையும் இருந்தது.

அத்தானின் சைக்கிள் சாமான் ஏற்றுகிற வான் வண்டியில், ஓட்டம் தொடங்குகிற ஒர்லியான் நகரத்துக்கு முன்னமே போய்விட்டது. இவர்கள் மூவரும் ரயிலில் போனார்கள். பெண்கள் இருவருக்கும் அங்கே வாடகைச் சைக்கிள். மே மாதத்து வெயில் இதமாக இருந்தது. ஆறு அகலமாக, மணல் திட்டுகளோடு அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாதையும் நல்ல தட்டையான பாதை. எட்டு வயதுப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

அத்தான் முதல் மூன்று கிலோமீற்றரைச் சீறிக்கொண்டு ஓடினார். நாலாவதில் படம் எடுக்க நின்றார். அதன்பிறகு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பழைய ஊரிலும் இறங்கி நின்று, கைத்தொலைபேசியைப் பார்த்து வாசித்தபடி, சொந்த அறிவிலிருந்து சொல்வதுபோல ராசாக்களின் கதை சொன்னார். போஜன்சி என்ற ஊரின் கல்லுப் பாலத்தடியில் அந்தக் கதை இருபது நிமிசம் நீண்டது.

"அத்தான், ராசா செத்து ஐந்நூறு வருசம். அவர் ஓடமாட்டார். நாங்கள் வெளிக்கிடுவம்," என்றாள் றோஸ்மலர்.

"சரித்திரம் தெரியாமல் ஓடுறது மாடு ஓடுற மாதிரி, றோஸ்."

"மாடு எண்டாலும் பின்னேரத்துக்கிடையில வீட்டை போயிடும்."

புளுவா என்ற ஊருக்கு அவர்கள் வந்து சேரப் பின்னேரம் ஏழு மணி. அறுபத்திரண்டு கிலோமீற்றர். ஹோட்டல் வாசலில் அத்தானால் சைக்கிளை விட்டு இறங்க முடியவில்லை. காலைத் தூக்கினால் தொடை பிடித்தது. தூக்காவிட்டால் சீற் கடித்தது. கடைசியில் அக்கா ஒரு பக்கமும் ஹோட்டல்காரப் பெண் மறுபக்கமுமாகப் பிடித்து, அலுமாரி இறக்குவதுபோல அவரை இறக்கினார்கள். இறங்கினவர் முதலில் செய்த வேலை மணிக்கூட்டைப் பார்த்தது. அன்றைய ஓட்டம் படமாகக் குழுவுக்குப் போயிருந்தது. ஐம்பத்தொரு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் அவர் தடிப்பான இரண்டு தலையணைகளுக்கு மேல் இருந்தார்.

"எனக்கு நெஞ்சில குழாய் வைச்ச உடம்பு," என்று தொடங்கினார். ஐந்து வருசமாக அந்த வீட்டில் எந்தப் பேச்சும் அந்தக் குழாயில் தொடங்கி அந்தக் குழாயில்தான் முடியும். உப்புக் குறைத்ததும் அதற்கு. எண்ணெய் மாற்றினதும் அதற்கு. சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்ப் போத்தல் இருந்த இடத்தில் பிரஷர் பார்க்கிற மெசின் வந்ததும் அதற்குத்தான். "நான் இண்டைக்குச் சாமான் ஏத்துற வானில வாறன். அம்புவாஸில சந்திப்பம். ஒரு சின்ன உதவி, றோஸ்."

அவர் மணிக்கூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதைக் கட்டிக்கொண்டு ஓடும். கணக்கு அறுபடாமல் இருக்கும்."

றோஸ்மலருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது சிரிப்பு வந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் ஓடுறது, நீங்கள் ஓடினதாப் போகும். அப்பிடித்தானே?"

"ஆக்கள் பார்த்துக்கொண்டிருக்கினம். உமக்கென்ன நட்டம்?"

உண்மைதான். அவளுக்கு என்ன நட்டம்? அவளுடைய பதினொரு வருச ஓட்டத்தை எவரும் எழுதி வைத்ததில்லை. இதையும் இந்தப் பிச்சைக்காரனுக்குப் போட்டதாக இருக்கட்டும் என்று நினைத்து மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டாள். கையை நீட்டிக் கட்டின விதத்திலேயே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவருக்கு உறைக்கவில்லை.

அன்று சகோதரிகள் இருவரும் நாற்பது கிலோமீற்றரைத் தனியே ஓடினார்கள். ஒரு மேட்டில் அக்கா மூச்சு வாங்கினதைக் கேட்டு றோஸ்மலர், "பற்றறியைப் போடன்" என்றாள்.

"போட்டுத்தான் இருக்கு."

"அப்ப வடையையும் சோத்தையும் குறை," என்று சொல்லிச் சிரித்துவிட்டு முன்னால் போனாள்.

ஒரு மர நிழலில் நின்றபோது அக்கா சொன்னாள். "அவருக்குப் பயம், றோஸ். எட்டு மாசமா ஒரு போன் கோல் வாறேல்லை ஒபிஸில இருந்து. முப்பது வருசம் வேலை செய்த இடம். ஒருத்தரும் கேக்கினமில்லை."

"பயமெண்டால் வீட்டை இருக்கிறது. ஆரவையோ ஓடினதைத் தான் ஓடினதெண்டு சொல்லிக்கொண்டு திரியிறதோ?"

"நீ ஆரையும் விடமாட்டாய். அப்பிடி இருக்கிறதும் சுகம்தான். ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

முப்பத்துமூன்று வருசம் ஒரு மனுசனுக்கு ஆக்கிப்போட்டு, இப்போது அவருடைய உப்பையும் பிரஷரையும் அளந்துகொண்டிருப்பவள் தனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று றோஸ்மலர் நினைத்தாள்.

அம்புவாஸ் கோட்டையடியில் அத்தான் குளித்து முழுகி, ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். இவர்களைக் கண்டதும் ஆற்றங்கரைக்கு இறங்கிப் போய், சேற்றை எடுத்து இரண்டு கெண்டைக்காலிலும் பூசினார். பாலம் பின்னால் தெரியச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, "எடும், எடும், வெயில் போகப்போகுது" என்றார். படத்தை எடுத்தது அக்கா. அதற்கு அறுபத்துநாலு இதயம். குழுவில் இருந்ததே அறுபது பேர்தான். புகழைக் கேள்விப்பட்டு ஆட்கள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் தூர் நகரம்வரை. அது குறைந்த ஓட்டம், இருபத்தெட்டுக் கிலோமீற்றர். அதையும் அத்தான் வானில்தான் ஓடினார்.

நாலாம் நாள்தான் பெரிய நாள். தூரிலிருந்து சோமூருக்கு எழுபத்தைந்து கிலோமீற்றர். காலை தொடக்கம் எதிர்க்காற்று. மத்தியானத்துக்குப் பிறகு மழையும் சேர்ந்துகொண்டது. இரண்டு ஆறுகள் சேருகிற ஒரு சின்ன ஊரில், வெள்ளைக் கல்லில் கட்டின பெரிய கிறிஸ்தவக் கோயிலின் வாசலில் ஒதுங்கி, பாணுக்குள் கட்டைச்சம்பல் வைத்துச் சாப்பிட்டார்கள். யோகமலரின் பற்றறியில் ஒரு சிவப்புக் கோடுதான் மிச்சம் இருந்தது.

"வானுக்குக் கோல் எடுக்கட்டே?" என்றாள் றோஸ்மலர்.

"வேண்டாம். இன்னும் எவ்வளவு தூரம்?"

"பன்ரண்டு."

யோகமலர் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். "அந்த மணிக்கூட்டை இஞ்சை தா."

"ஏன்?"

"தா எண்டுறன்."

வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு அவள் ஏறினாள். பற்றறி நாலாவது கிலோமீற்றரில் செத்துப்போனது. பாரமான அந்தச் சைக்கிளை மீதித் தூரமும் மிதித்தே ஓடினாள். அவளுடைய முகம் முதலில் சிவந்தது; பிறகு வெளிறியது. இரண்டு தரம் நின்றாள். இரண்டு தரமும், "ஒண்டுமில்லை, நட" என்றாள். சோமூர் கோட்டை மழைக்குள் தெரிந்தபோது அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்து றோஸ்மலர் பல வருசம் கண்டதில்லை.

மூன்று கிழமை கழித்து, ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிற மண்டபத்தில், பிள்ளைகள் போனபிறகு, திரு. ஸ்ரீஸ்கந்தராஜாவின் லுவார் பயண உரை. எண்பது கதிரை போட்டிருந்தார்கள். அத்தான் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்திருந்தார். யோகமலர் பின்னால் தேத்தண்ணியும் றோல்ஸும் வைத்த மேசைக்குப் பொறுப்பு. றோஸ்மலர் மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். இதைப் பார்க்கத்தான் ட்ராம் ஏறி, ரயில் மாறி ஒன்றரை மணித்தியாலம் வந்திருந்தாள்.

"அறுபத்தொரு வயசில, நெஞ்சில குழாயோட, இருநூற்றைந்து கிலோமீற்றர்," என்று அவர் தொடங்கினார். மண்டபம் கை தட்டியது. படங்கள் ஓடின. ராசாக்கள் வந்தார்கள், ராணிகள் வந்தார்கள். சேறு பூசின கெண்டைக்கால் சுவர் அளவுக்கு வந்தது. பிறகு நாள்வாரியாக வரைபடங்கள். அவற்றின் கீழே நாடித்துடிப்பின் கோடு.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த நரசிம்மன் எழுந்தார். மெலிந்த, மெல்லப் பேசுகிற மனிதர். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரையையே பார்த்தார்.

"ஸ்ரீ சார், ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நாலாவது நாள்ல கடைசிப் பகுதி. அதுவரைக்கும் பல்ஸ் நூத்திப் பத்து, அழகா ஒரே சீரா போகுது. திடீர்னு நூத்தி எழுபது. அதுவும் தாறுமாறா குதிக்குது. நீங்க எடுத்துக்கற மாத்திரைக்கு இவ்வளவு ஏறவே கூடாது. வேற யாரோட இதயமோ மாதிரி இருக்கு. அன்னைக்கு உங்களுக்கு மயக்கம் ஏதாவது வந்துதா?"

அத்தான் தண்ணீர் குடித்தார். "அதில... அதில ஒரு ஏத்தம் இருந்தது, டொக்டர்."

"மேப்ல தட்டையாத்தானே இருக்கு?"

"காத்து. எதிர்க்காத்து."

றோஸ்மலருக்கு உச்சி குளிர்ந்தது. இதைவிட நல்லாக அவளால்கூட யோசித்திருக்க முடியாது. இன்னொரு கேள்வி, இன்னும் ஒன்றே ஒன்று கேளுங்கோ டொக்டர் என்று மனதுக்குள் மன்றாடினாள்.

பின்னாலிருந்து யோகமலர் நடந்து வந்தாள். கையில் றோல்ஸ் எடுக்கிற இடுக்கி அப்படியே இருந்தது.

"அது நான், டொக்டர்," என்றாள். "முதல் நாள்தான் இவர் ஓடினவர். பிறகு ஓடினது என்ர தங்கச்சி. கடைசிப் பன்ரண்டு கிலோமீற்றர் நான். என்ர நெஞ்சுதான் அப்பிடி அடிச்சிருக்கு. அது பிழையே?"

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அத்தான் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த படத்தைத் தட்டினார். "இது சோமூர் கோட்டை," என்றார். சுவரில் கோட்டை வந்து நின்றது. அதைப் பார்க்க ஒருவரும் இல்லை.

நரசிம்மன் கோட்டையைப் பார்க்கவில்லை, அத்தானையும் பார்க்கவில்லை. யோகமலரின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவாவது மூச்சு வாங்குமாம்மா?"

"மாடிப்படி ஏறினால் கொஞ்சம்."

"எவ்வளவு நாளா?"

"இரண்டு வருசம் இருக்கும். வயசு எண்டு நினைச்சன்."

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துதா?"

"ஓம். பத்து வயசில. ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் போகேல்லை."

"திங்கக்கிழமை கட்டாயம் வாங்க. நான் சொல்லி வைக்கறேன்."

றோஸ்மலரின் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. அந்தக் காய்ச்சல் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேரின் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவள் அவள். ஆரோ ஒருத்தர் கதிரையில் வந்து இருக்கும்போதே முகத்தைப் பார்த்து, "சுகமில்லையோ?" என்று கேட்கிறவள். புளுவாவுக்கு அப்பால் அந்த மேட்டில் அக்கா மூச்சு வாங்கினபோது அவள் சொன்னது வடையையும் சோற்றையும் பற்றி. சோமூருக்குப் போகிற வழியில் அந்த முகம் வெளிறினதையும் கண்டாள். கண்டுகொண்டே அத்தான் சேறு பூசின கதையை வேலையிடத்தில் எப்படிச் சொல்லிச் சிரிப்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமைச் சோதனையில் தெரிந்தது: அக்காவின் நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. பழைய காய்ச்சல் விட்டுப்போன வேலை. துடிப்பும் ஒழுங்கில்லை. இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, குளிசையும் கிழமைக்கு ஒருக்கா இரத்தச் சோதனையும் போதும் என்றார்கள். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் ஒருநாள் இரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கும் என்றும் சொன்னார்கள். அந்த வீட்டில் ஐந்து வருசமாகச் சாப்பாட்டு மேசையில் இருந்த பிரஷர் மெசினை அக்காவின் கையில் ஒருநாளாவது ஒருவரும் சுற்றிப் பார்த்ததில்லை.

அத்தான் ஒரு கிழமை வெளியே தலை காட்டவில்லை. எட்டாம் நாள் குழுவில் எழுதினார்: 'எனது மணிக்கூடு எனது மனைவியின் உயிரைக் காப்பாற்றியது.' நீளமாக எழுதியிருந்தார், இரண்டு எழுத்துப் பிழையோடு. எழுபது இதயம் விழுந்தது. சேறு பூசினதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அல்லது மறந்ததுபோல இருந்துகொண்டார்கள். றோஸ்மலர் காட்டமாக ஒரு பதில் தட்டினாள். நாலு வரி, ஒவ்வொன்றும் ஊசி. தட்டிவிட்டு அக்காவுக்குக் கோல் எடுத்து வாசித்துக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் யோகமலர். "போடாதை."

"ஏன்? இன்னும் அவருக்காகத்தானோ?"

"எனக்காக. ஒவ்வொரு நாளும் அந்த ஆளோட மேசையில இருந்து சாப்பிடுறது நான். நீ இல்லை."

றோஸ்மலர் அழித்துவிட்டாள்.

செப்டெம்பரில் நரசிம்மன், மெல்ல ஓடலாம், தட்டையான பாதையில் மட்டும் என்று சொன்னார். யோகமலர் சாதாரணச் சைக்கிள் ஒன்று வாங்கினாள். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு றோஸ்மலர் தன் கறுத்த சைக்கிளோடு ஹரோ வீட்டு வாசலில் வந்து நின்றாள். சுண்டுவிரலால் தூக்குகிற சைக்கிள் கராஜுக்குள் காற்றுப் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒன்று சொல்லலாமென்று அவள் வாய் திறக்கமுதல், அத்தான் வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார். கையில் மடித்த கடுதாசி ஒன்று. பேனையால் கீறின தெருக்கள்.

"இதால போங்கோ. மற்றத் தெருவால போனால் வாகனம் கூட. இந்த வளைவுக்குப் பிறகு சின்ன ஏத்தம் ஒண்டு இருக்கு, அதில இவ இறங்கி நடக்க வேணும். குந்தி இருந்து தண்ணி குடிக்க ஒரு வாங்கு இஞ்சை இருக்கு."

"உந்த வழியை எந்த மேப்பில பார்த்துக் கீறினீங்கள், அத்தான்?"

"மேப்பில இல்லை," என்றார். அவருடைய குரலில் மண்டபத்துக் குரல் இருக்கவில்லை. "மேப்பில ஏத்தம் சரியாத் தெரியாது. நேற்றும் முந்தநாளும் நான் நடந்து பார்த்தனான்."

றோஸ்மலர் அவருடைய காலைப் பார்த்தாள். இடது குதிக்காலில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. கடுதாசியை வாங்கிக் கூடைக்குள் போட்டாள்.

"கெதியா வாங்கோ. பன்ரண்டு மணிக்குக் குளிசை இருக்கு," என்றார் அவர்.

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு யோகமலர் முன்னால் ஓடினாள்.